வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடம்

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த அந்த வாத்தியார் ஒல்லியானவர், ஓரிடத்தில் நிற்கமாட்டார். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் மட்டும் ஐந்தாம் வகுப்புக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து அசையாமல் நிற்பார். பிள்ளைகள் மனதில் கிடப்பதைச் சொல்வார்கள். முகம் பார்த்தால் அவர்களுக்குப் பேச்சு வராதாம். "இங்க பேசுறது வெளிய போகாது" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

என் வகுப்புக்கும் அதற்கும் இடையில் ஒரு தட்டிதான். ஒருநாள் அந்த வகுப்புச் செல்லம்மாவின் குரல் கேட்டது.

"கொழுந்தெடுக்க அப்பா என் பேரப் பதியப் போறாருங்க சார். நா படிக்கணும்."

நான் யாழ்ப்பாணத்தான்; தோட்டத்தின் போக்குத் தெரியாது. உதவி என்று நினைத்து, அவள் வாத்தியாரிடம் சொன்னதைச் சொல்லி, பேரைப் பதியாமல் விடும்படி வேலையாட்களை நடத்தும் கங்காணியிடம் கேட்டேன்.

"பெத்தவன் இருக்க, வாத்தியார்கிட்டயா பஞ்சாயத்து வச்சா?" என்று சிரித்தவர், தகப்பனிடம் போய்ச் சொன்னார். திங்கட்கிழமைக் காலை அவள் கூடையோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்றாள்.

வாத்தியாரிடம் ஒப்புக்கொண்டேன். "நல்லதுக்குத்தான் சொன்னனான், மாஸ்டர்."

"தெரியுதுங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டிக்கு அப்பால் ஒருத்தி கேட்டாள்: "செல்லம்மா சொன்னத நீங்களா சார் வெளிய சொன்னீங்க?"

"என்னாலதாம்மா போச்சு. தப்பு என்னோடது."

அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இந்த வயதிலும் எனக்குப் புரியவில்லை. எழுந்து போய் உண்மையைச் சொல்ல ஐந்தாறு அடிதான் இருந்தது. நான் என் வகுப்பை உரத்த குரலில் வாய்ப்பாடு சொல்ல வைத்தேன்.