ஒரு தாள் கனம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், நான் பதினோரு வருஷமாக வேலை பார்த்த மதுரைத் துப்பாக்கிக் கடைக்கு அவன் வந்து சேர்ந்தான். பட்டாளத்தில், ஆப்பிரிக்காவில், எதிரிகள் போட்டுவிட்டுப் போன தோட்டாக்களைப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன்.

தோட்டாவின் அடியைக் கட்டைவிரலால் தடவியே எந்த நாட்டுடையது என்று சொல்லிவிடுவான். இங்கிலாந்துத் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஜெர்மன் தோட்டாவில் விளிம்பு வெளியே தெரியாது, சுற்றிலும் பள்ளம்தான். இத்தாலித் தோட்டா சன்னமானது. முதலாளி வந்தவர்களிடமெல்லாம் அவனைக் காட்டிப் பெருமை பேசினார். ஒரே மாதத்தில், "அந்த மிலிட்டரிக்காரர் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் படியேறினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவன் சாப்பிடப் போயிருந்தபோது திருமங்கலம் பக்கத்து மிராசுதார் ஒருவர் வந்தார். கடலைக் காட்டில் காட்டுப்பன்றித் தொல்லை. அவர் அப்பா காலத்து ஜெர்மன் ரைபிளுக்குத் தோட்டா வேண்டும். மாதிரிக்கு ஒரு பழைய தோட்டா கொண்டுவந்திருந்தார்.

"மிலிட்டரிக்காரர் வரட்டும், பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

"இதுக்கு அவர் எதுக்கு?" என்று சொல்லி, அதே உயரம், அதே கழுத்து உள்ள ஜெர்மன் தோட்டாக்களை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவன் திரும்பி வந்து மேஜை மேல் கிடந்த மாதிரியைப் பார்த்தான். "அண்ணே, இதுக்கு எந்தத் தோட்டா குடுத்தீக?"

பெட்டியைக் காட்டினேன். இரண்டின் நுனியிலிருந்த குண்டையும் அளவு பார்க்கும் இடுக்கியில் பிடித்து அளந்தான். முகம் மாறியது.

"ஜெர்மன்காரன் அந்தக் காலத்துலயே குண்டைப் பெருசாக்கிட்டாண்ணே. பித்தளைக் கூடு மாறல, குண்டு மட்டும் ஒரு தாள் கனம் கூட. பழைய ரைபிள்லயும் உள்ள போயிரும். சுட்டா குழல் வெடிச்சாலும் வெடிக்கும். நான் போய்ட்டு வாரேன்."

வந்தவர் யார், எந்த ஊர் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு ஓடிப்போய்த் திருமங்கலம் பஸ்ஸைப் பிடித்தான். பன்றி வேட்டைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவரிடமிருந்து ஒரு தோட்டாகூட விடாமல் வாங்கிக்கொண்டு பொழுது சாயும் முன் திரும்பிவிட்டான்.

"சொல்லாம எங்கடா போன?" என்று முதலாளி சத்தம் போட்டார்.

"பெட்டி மாறிப்போச்சு முதலாளி. வாங்கிட்டு வந்துட்டேன்."

யார் மாற்றியது என்று அவன் சொல்லவில்லை. திட்டு முழுவதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். நான் பக்கத்திலேயே நின்றேன். அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. முதலாளியிடம் போய், "குடுத்தது நான்தான்" என்றேன். அவர் தோட்டா அலமாரியின் சாவியை என்னிடமிருந்து வாங்கி அவன் கையில் கொடுத்தார்.

"அண்ணே, நீங்க ஏன் சொன்னீக?" என்று அவன் வருத்தப்பட்டான்.

உண்மையாகவே வருத்தப்பட்டான். அதைப் பார்த்தபோதுகூட என் கண் அவன் இடுப்பில் செருகியிருந்த சாவி மேல்தான் இருந்தது.