பேனரில் இருந்தவர்கள்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்வராயன் மலையில் ஓர் ஊரிலிருந்து மாரியம்மன் திருவிழாவுக்கு பேனர் கேட்டார்கள். "எங்க ஜனங்க ஆடுற மாதிரி படம் போடுங்கண்ணா" என்றார்கள். அவர்களிடமே படம் கேட்டு வாங்க எனக்குப் பொறுமையில்லை. 'மலைவாழ் மக்கள் திருவிழா' என்று நெட்டில் தேடினேன். கொம்பு வைத்த வெள்ளிக் கிரீடத்தோடு பெண்கள் ஆட, ஆண்கள் நீண்ட மூங்கில் குழல் ஊதும் படம் ஒன்று கிடைத்தது. மலை என்றால் மலைதானே என்று பத்தடிக்கு அடித்துவிட்டேன்.

நானே கொண்டுபோய் ஊர் முகப்பில் கட்டினேன். அடித்துக்கொண்டிருந்த மேளம் நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி போனில் தேடிவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, இவங்க சீனாவுல மியாவோன்னு ஒரு மலை ஜனம். இது அவங்க திருவிழா."

"மன்னிச்சிக்குங்க, உங்க ஜனங்கள நான் பாத்ததே இல்ல" என்று உளறினேன்.

அவளுடைய அம்மா முன்னால் வந்தார். குரலில் கோபமே இல்லை.

"இன்னாங்க இப்படி சொல்றீங்க? வாரா வாரம் உங்க கடை வாசல்லதான் கடுக்கா வித்துக்கினு குந்தியிருக்கேன். கூடையத் தள்ளி வையின்னு நீங்கதான சொல்லுவீங்க?"

சீனப் பெண்களின் கம்மலைக்கூடப் பெரிதாக்கிப் பார்த்து அடித்தவன் நான். அவரைப் பார்த்தபடியே யோசித்தேன். கூடை உடனே நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை.