மூக்குக்குள் இருந்த நீலம்

சுதந்திரம் வந்த மறு வருடம் நடந்தது இது. திருத்தணிக்குப் பக்கத்தில் அம்மையார்குப்பத்தில் நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். விரல்கள் எந்நேரமும் நீலமாகவே இருக்கும். வயது இருபத்தாறு. யார் சொன்னாலும் கேட்காத திமிர் வேறு.

இரண்டு வருடமாக மூக்கோரத்தில் கட்டி வரும், உடையும், ஆறும், மறுபடி வரும். சாயத்தொட்டிச் சூடு என்றேன், கண் திருஷ்டி என்றேன். மலைக்குப் போய் மொட்டைகூடப் போட்டாயிற்று. "கிள்ளாதீங்க பாவா, தானா ஆறட்டும்" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். நான் கிள்ளாமல் விட்டதே இல்லை.

அந்த முறை கிள்ளிய மறுநாள் குளிர் ஜுரம். அதற்கடுத்த நாள் வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. ஏழு மாதக் கர்ப்பிணியான அவள், மாட்டுவண்டியில் என் தலையை மடியில் தாங்கித் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். மூக்கோரத்துச் சீழ் மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டேனோ என்று பயந்துபோனேன்.

அப்போதுதான் புதிதாக வந்திருந்த பென்சிலினை மெட்ராஸிலிருந்து ரயிலில் வரவழைத்தார் டாக்டர். மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஊசி. மூன்றாம் நாள் காலை கண் தானாகத் திறந்தது. ஜன்னல் வழியே மலையும் கோயிலும் தெரிந்தன. நான் வாய்விட்டு அழுதேன்.

"மூக்குக்குள்ள கை வெப்பியா?" என்று கேட்டார் டாக்டர்.

"தொடவே மாட்டேனுங்க."

அவர் ஒரு கண்ணாடியை நீட்டி, என் மூக்கு நுனியைத் தூக்கிக் காட்டினார். துவாரத்தின் உள்ளே, கட்டி வரும் அதே பக்கத்தில், என் சாயத்தொட்டியின் நீலம் ஒட்டியிருந்தது.

"கிருமி உன் மூக்குக்குள்ளயே குடியிருக்குதுப்பா. வேல செஞ்சிகினே நீ நகத்தால கீறுற. கீறின எடத்துல அது எறங்குது."

மனைவி என் விரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நகத்தை ஒட்ட வெட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவு, உனக்கென்று தனித் துண்டு வைத்துக்கொள், கட்டி வந்தால் கிள்ளாமல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு உடனே இங்கே வா என்றார். மூக்கினுள் தடவ ஒரு களிம்பும் தந்தார். அதன்பின் கட்டி வரவேயில்லை.

பெண் பிறந்தபோது, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அவளைக் கையில் வாங்கினேன். என்னைக் கொல்லப் பார்த்த அதே விரலைத்தான் அவள் முதலில் பிடித்துக்கொண்டாள் என்பதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது, மூக்கை நோக்கிப் போகும் கையும் பாதியில் நின்றுவிடுகிறது.