ஓட்டை போடாத டின்கள்

என் எஞ்சினைக் கொன்றது நீ. பழியை என் தலையில் போட்டதும் நீ.

படிப்பவர்களுக்கு இவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் செங்கல்பட்டு ரயிலடி கார் ஸ்டாண்டில் என் வாடகைக் காருக்குப் பக்கத்தில் தன் காரை நிறுத்தியவன். இருவரும் ஒரே லாரியில் கிளீனராக இருந்து ஸ்டியரிங் பிடித்தவர்கள். பிறகு முதுகுவலி வந்து காரை விற்றான். பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டான். கடை திறந்த அன்று முதல் டின் ஆயில் வாங்கியவன் நான். அதற்குப் பிறகு வேறு கடையில் நான் ஆயில் வாங்கவில்லை.

என் வண்டிக்கு ஆயிலை நானேதான் மாற்றுவேன். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அவசரம் அவசரமாக வடிப்பார்கள், பாதி அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். சவாரி முடிந்து வந்து, எஞ்சின் சூடு ஆறுவதற்குள் அடியில் படுத்து ஆயில் வடிகிற நட்டைக் கழற்றுவேன். கடைசிச் சொட்டு விழும் வரை கிடப்பேன்.

வாங்குவதிலும் நான் லேசில் ஏமாறுகிறவன் இல்லை. மற்றவர்கள் முப்பது நம்பர் ஆயில் ஊற்றினார்கள். என் எஞ்சின் பழசு. திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரத்துக்கு வெயிலில் போய்வருகிற வண்டி. அதற்குக் கெட்டியான நாற்பது நம்பர்தான் சரி. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். ஃபில்டர் வாங்கினால் மேல் அட்டையின் படத்தைப் பார்க்க மாட்டேன். உள்ளே காகித மடிப்பு நெருக்கமாக இருக்கிறதா, ஓரத்தில் பசை விட்டிருக்கிறதா, ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்தினால் திரும்ப எழும்புகிறதா என்று பார்ப்பேன். மவுண்ட் ரோடு கடைகளில் இப்படிச் சோதித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இவன் கடையில் மட்டும் சோதித்ததில்லை.

"கண்ண மூடிகினு எட்துனு போ மச்சான். உன் வண்டிக்கு நான் தப்பா குடுப்பனா?" என்பான். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துப் போனேன்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு பழக்கம் உண்டு. ஆயிலை எஞ்சினில் ஊற்றியதும், காலி டின்னைக் கவிழ்த்து, ஸ்குரூ டிரைவரை அடியில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. ஓட்டை விழுந்த டின்னில் எவனும் கழிவு ஆயிலைக் காய்ச்சி ஊற்றிப் புதுசு என்று விற்க முடியாது. சாமி கும்பிடுகிற மாதிரி எல்லா டிரைவர்களும் செய்வார்கள். நான் மட்டும் செய்யவில்லை, இவன் கேட்டுக்கொண்டதால்.

"ஓட்ட போடாத மச்சான், பாவம். நெம்மேலி பக்கம் குப்பத்து சனங்க தண்ணி மொள்ள டின்னு இல்லாம அல்லாடிகினு கீறாங்க. என்னாண்ட குட்து வை, நான் அனுப்பி வெக்கிறேன்" என்றான். நல்ல காரியம்தானே என்று நினைத்தேன். ஒவ்வொரு டின்னையும் அலசித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலசித் துடைத்து.

ஒரு பொங்கலுக்கு முன்னால் வீட்டுக் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடித்தேன். தரையில் கொட்டிய பெயின்ட்டின் மேல் ஒரு காலி டின் உட்கார்ந்துவிட்டது. அடி விளிம்பில் பிறை மாதிரி ஒரு பச்சை வளைவு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் வழிந்ததைத் துடைத்தேன். அடியை விட்டுவிட்டேன். தண்ணீர் மொள்ளும் டின்னுக்கு அடியில் பச்சை இருந்தால் என்ன என்று அதையும் அவனிடம் கொடுத்தேன்.

அந்த வருஷம் கோடையில் ஒரு கல்யாண சவாரி. பெண் வீடு செங்கல்பட்டு, மாப்பிள்ளை வீடு நெம்மேலி. முகூர்த்தத்துக்குப் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெண், அவள் அம்மா, அப்பா மூவரும் என் வண்டியில். ஆயில் மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மகாபலிபுரம் தாண்டியதும் ஆயில் பிரஷர் முள் சரிந்தது. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் அடியில் தடதடவென்று ஒரு சத்தம், பிறகு ஒரே இழுப்பில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. ஒரு வண்டியும் இல்லை.

கடைசியில் பட்டணத்துக்கு மீன் ஏற்றிப்போன ஒரு வேன் நின்றது. பெண்ணும் அம்மாவும் டிரைவர் பக்கத்தில் ஏறினார்கள். அப்பா பின்னால் கூடைகளுக்கு நடுவே ஏறினார். ஐஸ் தண்ணீர் அவர் வேட்டியில் சொட்டியது.

"உன்ன நம்பித்தானேப்பா ஏறினோம்" என்றார் என்னைப் பார்த்து. கோபமாகக்கூட இல்லை. பட்டுப்புடவையோடு அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதை நான் நடுரோட்டில் நின்று பார்த்தேன்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தபோது பேரிங் எல்லாம் தேய்ந்து உருகியிருந்தது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் மீதி இருந்த ஆயில் தண்ணீராக ஓடியது. ஸ்டாண்டில் பேச்சு வந்தது. இவனும் வந்து நின்றான். எல்லாரும் கேட்கும்படி சொன்னான்:

"ஆயிலு நல்ல ஆயிலுதான். தானே மாத்துறேன்னு பெருமயா கீய படுத்துகினு, நட்ட சரியா முடுக்கல. ஒழுகிகினே போயிருக்கு. கைத்தொயிலு அல்லாருக்கும் வந்துடுமா, அண்ணாத்த?"

சிரித்தார்கள். அன்றைக்கே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: மீன்வண்டி. "இன்னா மீன்வண்டி, இன்னிக்கு வஞ்சிரமா, மத்தியா?" கல்யாண சவாரி கேட்டு வருகிறவர்களிடம் பக்கத்து டிரைவரே சொல்லிவிடுவான். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் வரை இந்தக் கதை போயிருந்தது. இவனும் என்னை அப்படித்தான் கூப்பிட்டான். நானும் நம்பினேன், நட்டைச் சரியாக முடுக்கவில்லை போல என்று. படுத்துக்கொண்டு கையை இப்படித் திருப்பினேனா, அப்படித் திருப்பினேனா என்று நினைத்துப் பார்ப்பேன்.

எஞ்சினைத் திரும்பக் கட்டி ஓட விட்டேன். புதிதாகக் கட்டிய எஞ்சினுக்கு முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். அதற்கும் இவன் கடைக்கே போனேன். சீல் வைத்த நாற்பது நம்பர் டின், அட்டைப்பெட்டியில் ஒரு ஃபில்டர். வீட்டு வாசலில் ஃபில்டரை மாட்டினேன், மூடியைத் திறந்து சீலை உடைத்தேன், ஊற்றினேன். கடைசி ஆயில் இறங்குவதற்காக டின்னைத் தலைகீழாகப் பிடித்தேன்.

அடி விளிம்பில் பச்சை. பிறை மாதிரி. பின்னால் திரும்பினால் அதே பச்சையில் என் வீட்டுக் கதவு.

எஞ்சினைக் கிளப்பவில்லை. ஊற்றியதை எல்லாம் வடித்தேன். அப்போதுதான் முகர்ந்து பார்த்தேன். கருகின வாசனை. மாட்டிய ஃபில்டரைக் கழற்றி வெட்டினேன். மடிப்புகளுக்குள் பழைய கறுப்பு இருந்தது. யாரோ ஓட்டித் தள்ளியதை மண்ணெண்ணெயில் கழுவிப் புதுப் பெட்டியில் போட்டிருந்தான்.

இருந்தும் உடனே போய்ச் சண்டை போடவில்லை. அடுத்த சவாரியில் நெம்மேலிக்குப் போனபோது குப்பத்தில் இறங்கினேன். மண்குடத்தில் தண்ணீர் கொண்டு வந்த ஒரு அம்மாவிடம் செங்கல்பட்டிலிருந்து டின் வருகிறதா என்று கேட்டேன்.

"டின்னா? எங்களுக்கு எவன் குட்தான்? நீ கொண்டாந்துகீறியா?" என்று என் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

திரும்பியதும் கடைக்குப் போய் டின்னைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"பச்ச பெயின்டு உன் வூட்ல மட்டுந்தான் கீதா?" என்றான் முதலில். நான் டின்னை அவன் பக்கம் நகர்த்தினேன். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அல்லாரும் இதான் விக்கிறான் மச்சான். உனுக்குன்னு தனியா வெச்சிகினு இருக்க முடியுமா? சரி வுடு, இன்னொரு டின்னு எட்துனு போ."

"இதை ஸ்டாண்டில் வந்து சொல்லு" என்றேன்.

"இன்னா சொல்லணும்?"

"நட்டு இல்லை, ஆயில்தான் என்று."

சிரித்தான். மறுநாள் நானே ஸ்டாண்டில் டின்னைக் காட்டிச் சொன்னேன். எனக்கு முன்னால் அவன் வந்து போயிருந்தான். "மீன்வண்டி டின்னுக்கு பெயின்ட் அட்ச்சி எட்துனு வருவான் பாருங்க" என்று சொல்லிவைத்திருந்தான். ஒருவன்கூட டின்னைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

வண்டியை விற்றுவிட்டேன். வேறு வேலைக்குப் போனேன். எஞ்சின் போனதை மறந்திருப்பேன். அலசித் துடைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்த டின்னில் எனக்கே விற்றாய். நான் என் கையையே சந்தேகப்பட்டுக் கிடந்தபோது, பக்கத்தில் நின்று சிரித்தாய். அதை மறக்க முடியவில்லை.

இப்போது நீ வியாபாரிகள் கூட்டத்தில் மாலை போட்டுக்கொண்டு நாணயத்தைப் பற்றி மைக்கில் பேசுகிறாய். போன கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். நன்றாகவே பேசினாய். அடுத்த கூட்டத்துக்கும் வருவேன், முதல் வரிசைக்கு. டின் இன்னும் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருவேன். அந்த ஸ்டாண்டு டிரைவர்களில் உயிரோடு இருப்பவர்களையும் கூட்டி வருவேன். மச்சான் என்று கூப்பிட்டுக் கடைக்குள் இழுத்துப் போய் மெதுவாகச் சொல்லாதே. அதே மைக்கில், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். அந்தப் பெண்ணை மீன் வண்டியில் ஏற்றியது என் கையா, உன் டின்னா?