எந்த வரியில் நிறுத்தினீர்கள்?

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்தேன். முதல் வருடம் முழுவதும் நான் வாய் திறந்து பாடவில்லை. பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அண்ணாவும் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பதைக் கேட்டே வளர்ந்தேன். சிறுவயதிலிருந்தே முறையாகப் பாட்டும் கற்றுக்கொண்டேன். இங்கே வந்தால் ஆலைச் சங்கு, இரும்பு லாரி, வீட்டுக்கு வீடு ரேடியோ. இந்த ஊரில் என் பாட்டு யாருக்கு வேண்டும் என்ற நினைப்பு வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

என் கணவர் அங்கே புதிதாக வந்திருந்த இரும்புக் கம்பி ஆலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஒருநாள் சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க மனமகிழ் மன்றத்துல பிரதி எடுக்கற சைக்ளோஸ்டைல் மிஷின் ஒண்ணு வாங்கியிருக்கா. ஏதாவது பத்திரிகை போடணுமாம். எழுத ஆள்தான் இல்லையாம்."

"நான் போடறேன்," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் யோசித்தேன். "இசைக்குன்னு ஒரு பத்திரிகை."

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேடிக்கைக்குச் சொல்றியா?"

"இல்லை. செயலாளரைப் பார்க்க என்னை அழைச்சுண்டு போங்கோ."

மன்றத்தின் செயலாளர் ஆலையின் டைம் ஆபீசில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர்தான். ஆனால் எதற்கும் முதலில் தலையை இடவலமாக ஆட்டிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். நான் சொன்னதைக் கேட்டு அப்படித்தான் ஆட்டினார்.

"நம்ம ஆளுங்களுக்குப் பாட்டுன்னா சினிமாப் பாட்டுதாம்மா. சினிமா நியூஸ் போடுங்க, இன்னைக்கே ஓகே."

"சினிமா நியூஸுக்குக் கடையில வேண்டிய மட்டும் பத்திரிகை தொங்கறது சார். நான் சொல்ற பத்திரிகை எந்தக் கடையிலயும் இல்லை."

"இல்லாததுக்குக் காரணம் இருக்கும்ல? யாரு படிப்பாங்க?"

எல்லாரும் படிப்பார்கள் என்று இட்டுக்கட்ட மனம் வரவில்லை. "ஒரு இதழ் போட்டுப் பார்க்கறேன் சார். படிக்கறாங்களா இல்லையான்னு நானே வந்து சொல்றேன்," என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று போடலாம், பிறகு கமிட்டி முடிவு செய்யும் என்று சொல்லித் தாளும் மையும் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

ஸ்டென்சில் தாளில் ஊசிப்பேனாவால் எழுதுவது கோலம் போடுவது மாதிரி இல்லை. அழுத்தினால் கிழியும். அழுத்தாவிட்டால் மை இறங்காது. தப்பாக எழுதிவிட்டால் சிவப்பாக ஒரு திரவத்தைப் பூசி, ஊதிக் காயவைத்து, மேலே எழுத வேண்டும். வீடெல்லாம் நகப்பூச்சு வாடை. வேதத்திலிருந்து சங்கீதம் பிறந்த விதம், ஏழு ஸ்வரங்களின் இலக்கணம், மேளகர்த்தா, ஜன்ய ராகம், கமகம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பத்திரிகைக்கு 'நாதாம்ருத வாஹினி' என்று பெயர் வைத்தேன். மிஷினில் சுற்றி எடுத்த முதல் தாளை ஈரத்தோடு கையில் வாங்கியபோது, இதைவிட நல்ல பத்திரிகை தமிழ்நாட்டில் வரப்போவதில்லை என்றே நினைத்தேன்.

பிரதிகளை என் கணவர் ஆலைக் கேன்டீனில் வைத்தார். நாங்கள் இருந்த ஆலைக் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக நான் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எல்லாரையும் கேட்டேன். "நல்லாருக்குதுங்க," என்றார்கள். ஒருவர்கூட வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரே மாதிரியான 'நல்லாருக்குது'தான் என்னை உறுத்தியது.

பக்கத்து வீட்டில் பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கணவன் ஆலையில் உலை வேலை. என்னைவிட இரண்டொரு வயது சின்னவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"நீயாவது சொல்லேன், உள்ளே எது பிடிச்சுது?"

"எழுத்து முத்து முத்தா கீதுக்கா."

"எழுத்து இருக்கட்டும். விஷயம்?"

குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "கோச்சிக்காதே. படிச்சேன், கொஞ்சந்தான் படிச்சேன். அதுக்குள்ள சோறு பொங்கிடுச்சி. எறக்கி வச்சிட்டு வந்தேன், அப்பால தாள எடுக்கல."

"எந்த இடத்துல நிறுத்தினே?"

அவள் உள்ளே போய்த் தாளை எடுத்துவந்து நகத்தால் ஒரு இடத்தைக் காட்டினாள். முதல் பக்கம், மூன்றாவது வாக்கியம். என் முகம் சூடானது. இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பென்சில் கொண்டுவந்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நல்லாயிருக்கிறதா என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டால் சொல்வார்கள். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மறுநாள் முதல் பென்சிலோடு கிளம்பினேன். வெயில் தாழ்ந்ததும் குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கேன்டீன்காரர்களிடம் கேட்டுவர என் கணவரை அனுப்பினேன். அவருக்குக் கூச்சம்.

"ஊர்ல இருக்கற எல்லார் கிட்டயும் போய் மட்டம் தட்டிக்கணுமா?" என்றார்.

"தட்டட்டும். எங்கே தட்டறான்னு பார்த்துண்டு வாங்கோ."

திரும்பி வந்த பிரதிகளைக் கூடத்தில் பரப்பிப் பார்த்தேன். முதல் பக்கத்தைத் தாண்டியவர்கள் மிகக் குறைவு. அன்று தோசைக்கு அரைக்கும்போது குழவியை நான் சுற்றிய வேகத்தைப் பார்த்து என் கணவர் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இந்த ஜனங்களுக்குச் சங்கீதம் எதற்கு என்று ஒரு நாழிகை கோபப்பட்டேன். கோபம் ஆறியதும் கோடுகளை மறுபடி பார்த்தேன். ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் ஏதாவது ஒரு சொல்லின் மேல்தான் விழுந்திருந்தன. கமகம். ஜன்யம். மேளகர்த்தா. நான் பிறந்ததிலிருந்து கேட்டுவந்த சொற்கள். இவற்றை யாருக்காவது விளக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதோடு, கோடு போட்ட அன்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாளே ஒரு கேள்வி, அது கூடவே வந்துகொண்டிருந்தது: "பாட்டப் பத்தி இம்மாம் எழுதிக்கீறியே, பாட்டு எங்கக்கா?"

மறுபடி அவளிடமே போனேன். "உனக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு பாடு," என்றேன். வெட்கப்பட்டாள். பிறகு, இடுப்பில் இருந்த பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளுடைய ஊர்த் தாலாட்டைப் பாடினாள்.

"ஏரித் தண்ணி தூங்குது, எறா மீனு தூங்குது..."

அவள் பாடி முடித்ததும் நான் பாடிப் பார்த்தேன். ஸ்வரம் எழுதிக்கொள்வதற்காகத்தான் பாடினேன். ஒரு வருடம் கழித்து என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவள் சிரித்தாள். "நல்ல கொரலு வச்சிக்கினுதான் ஊமை மாதிரி இருந்தியா?" என்றாள்.

முதல் இதழை யாரும் படிக்கவில்லை என்று செயலாளரிடம் ஒப்புக்கொண்டு, இன்னொரு மாதிரிக்குத் தாள் வாங்கி, இரண்டாவது இதழை அந்தத் தாலாட்டிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் பாட்டு, அதன் கீழே ஸ்வரம். இதே ஸ்வரங்கள் எந்த ராகத்தில் வருகின்றன, அந்த ராகத்தில் ரேடியோவிலும் கோயிலிலும் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய வேறு பாட்டுகள் எவை என்று மேலே போனேன். ஒரு பக்கத்தில் ஒரு புதுச் சொல்லுக்கு மேல் வரக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். உலை வேலைக்காரர்கள் டீ குடிக்கும் நேரத்தில் படித்து முடிக்கிற அளவு இருக்க வேண்டும் என்றார்கள், கட்டுரைகளை வெட்டினேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், "தெலுங்குப் பாட்டயும் போடும்மா, தமிழ் எழுத்துல போட்டு அர்த்தம் சொல்லு," என்றார். அதையும் எடுத்துக்கொண்டேன். பெயரை 'பாட்டுத்தாள்' என்று மாற்றினேன். அது நான் வைத்த பெயர்கூட இல்லை. 'வாஹினி' வாயில் நுழையாமல் கேன்டீனில் எல்லாரும் அப்படித்தான் கேட்டு வாங்கினார்களாம்.

ஆனால் கேட்டதையெல்லாம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு நடிகைகளின் கல்யாணச் செய்தி வேண்டும். "அது ஒரு பக்கம் போடுக்கா, எல்லாம் பறந்துகினு வந்து வாங்குவாங்க," என்றாள். மாட்டேன் என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தாலாட்டின் அடுத்த அடி ஞாபகம் வந்தது என்று அவளாகவே வந்தாள்.

கமிட்டிக்குக் கொடுப்பதற்கு முன் அண்ணாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துத் திருவள்ளூர் போனேன். பெரியபாளையத்துக்கு முந்தின ஆரணியில் கத்தரிக்காய் மூட்டைகளை ஏற்ற பஸ் வெகுநேரம் நின்றது. மடியில் இருந்த பிரதியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா கோயிலிலிருந்து வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து தாளைப் பிரித்தார். முகம் சிவந்தது.

"என்னடி இது? பாசுரத்தையும் மீன் பிடிக்கறவா தாலாட்டையும் ஒரே தாள்லயா போடுவே?"

"ரெண்டும் பாட்டுதானே அண்ணா?"

"அப்பா காதுல விழறா மாதிரி சொல்லாதே." மறுபடி படிக்க ஆரம்பித்தார். மன்னி சாப்பிடக் கூப்பிட்டாள். கையைக் காட்டிவிட்டுப் படித்தார். தாளைத் திருப்பினார். பிறகு இன்னும் ஒருதரம் முதலிலிருந்து.

"எங்கே நிறுத்தினே?" என்றேன், வழக்கம்போல.

"நிறுத்தறதாவது! தப்பு கண்டுபிடிக்க வேண்டாமா? கடைசி வரைக்கும் படிச்சேன்." தாலாட்டின் இரண்டாவது வரியைத் தட்டினார். "இங்கே காந்தார ஸ்வரம் போட்டிருக்கே. நீ எழுதியிருக்கற சாஹித்யத்துக்கு அது ஒட்டாது. கேளு." அண்ணா தொடையில் தாளம் போட்டு அந்தப் பழவேற்காட்டுத் தாலாட்டை முழுவதும் பாடிக் காட்டினார். மன்னி வாசற்படியில் நின்றுவிட்டாள். அவர் சொன்னது சரி. நான்தான் அவசரத்தில் மாற்றி எழுதியிருந்தேன்.

அப்படியும் அவர் சமாதானமாகவில்லை. "பாசுரத்தை முதல் பக்கத்துல போடு, மத்தது எப்படியோ போ," என்றார். ஒவ்வொரு இதழிலும் ஒவ்வொரு பாட்டு முதல் பக்கத்துக்கு வரும் என்றேன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தவர், பஸ் கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி, "காந்தாரத்தை மாத்திடு," என்று மட்டும் சொன்னார்.

மாற்றினேன். இரண்டாவது இதழ் கேன்டீனில் ஒரே நாளில் தீர்ந்துபோனது. மறுபடியும் பென்சிலோடு போனேன். இந்தத் தடவை கோடுகள் கடைசிப் பக்கத்துக்கு நகர்ந்திருந்தன. சிலருடைய தாளில் போட வேண்டியே இருக்கவில்லை.

கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது. நானும் என் கணவரும் போனோம். பக்கத்து வீட்டுக்காரியின் கணவரும் தொழிலாளர் பிரதிநிதியாக அங்கே உட்கார்ந்திருந்தார். செயலாளர் இந்த முறை தலையை ஆட்டாமலே பேசினார்.

"ரொம்பச் சந்தோஷம்மா. ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு போடலாம். ஒரே ஒரு விஷயம். நீங்க கம்பெனி ஸ்டாஃப் இல்ல. அதனால ஆசிரியர்னு என் பேரப் போட்டுக்கலாம். வேலையெல்லாம் நீங்களே பாத்துக்குங்க."

மேசைக்கு அடியில் என் கணவர் என் காலை அழுத்தினார். அவருடைய பயம் எனக்குத் தெரியும். அவருக்கு அங்கே உத்தியோகம்.

"சார், இதுல தப்பு இருந்தா ஜனங்க யார்கிட்ட வந்து சொல்வாங்க?" என்றேன்.

"உங்ககிட்டத்தான்."

"இத்தனை நாளும் என்கிட்டதான் சொன்னாங்க. திட்டு என் பேருக்கு வரும்போது ஆசிரியர் பேரும் என்னுதா இருக்கட்டும்."

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கேம்மா."

மேசை மேல் இருந்த ஸ்டென்சில் தாள் கட்டை எடுத்துக்கொண்டேன். "அப்ப பரவாயில்லை சார். பொன்னேரியில பிரஸ் இருக்கு. சந்தா சேர்த்து நானே போட்டுக்கறேன். இவ்வளவு நாள் தாள் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி." சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படியும் செய்திருப்பேன்.

உலை வேலைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சார், அக்கா பேரே போட்டுடுங்க. என் ஊட்டுக்காரி பாட்டு அதுல வந்துகீது. நாளிக்கி பத்திரிக நின்னுபோச்சின்னா அவளுக்கு நான் இன்னா பதில் சொல்றது? ஊட்ல சோறு கெடைக்காது சார்."

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்துவிட்டார். வெளியிடுவது மன்றம், ஆசிரியர் நான் என்று முடிவானது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கணவர் ரயில்வே கேட் தாண்டியதும், "அந்தக் கட்டைக் கொடு, நான் தூக்கிண்டு வரேன்," என்றார்.

பாட்டுத்தாள் சில வருடங்கள் வந்தது. மணவாள நகரிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும்கூட ஆட்கள் சொல்லியனுப்பி வாங்கினார்கள். பிறகு ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது, மன்றத்தைப் பூட்டினார்கள், மிஷின் என்ன ஆனதென்று தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் அதற்குள் நாலைந்து பெண்கள் செவ்வாய் வெள்ளிகளில் எங்கள் வீட்டில் கூடிப் பாட ஆரம்பித்திருந்தார்கள். வேலைநிறுத்தத்தின்போது பல வீடுகளில் அடுப்பு சரியாக எரியவில்லை. அப்போதும் அவர்கள் வந்தார்கள். ஸ்வரத்தைத் தாள் இல்லாமல் வாயால் சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்குப் புரியாத இடத்தில் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்கள்.