பரளச்சிக் கண்மாயில் ஓடிய படகு மோட்டார்

பாளையம்பட்டியில் கடல் வாசம் அடித்தது, எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நாள்தான்.

உப்பு, கருவாடு, பழைய பெட்ரோல்... மூன்றும் கலந்த வாடை. கடையில் பம்புசெட் பிரித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். சாக்கில் சுற்றிய எதையோ தோளில் சுமந்துகொண்டு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான் அழகர். பத்தாம் வகுப்பு வரை என் பெஞ்சுக்காரன். அதற்குப் பிறகு நான் டிப்ளமோ படிக்கப் போனேன், அவன் பரளச்சியில் மிளகாய்க் காட்டுக்குப் போனான்.

சாக்கை விரித்தால்... படகுக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டார்!

"ஏலே, எங்க பிடிச்ச இத?"

"கரி லோடு கூடத் தூத்துக்குடி போனேன்ல, அங்க ஒரு பழைய இரும்புக் கடையில பாத்தேன். தண்ணிக்குள்ள முக்குனா ஓடும்னான். செல்வி வளத்த ரெண்டு ஆட்ட வித்துட்டுப் போயி எடுத்தாந்தேன். தேறுமா பாரு."

நான் சிரித்தேன் பாருங்கள்... இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கடைக்கு வந்திருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். டிப்ளமோ திமிர், வேறென்ன.

அவன் சிரிக்கவில்லை. மிளகாய் அப்போதுதான் பூ வைத்திருந்தது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, ஆனால் மடையைவிட ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. தானாக வாய்க்காலில் ஏறாது. ஊருக்குள் வாடகைக்கு இருந்த ஒரே ஆயில் இன்ஜினுக்கு அவன் முறை வரப் பத்து நாளாகும். அதற்குள் பூவெல்லாம் கொட்டிவிடும். அவன் பெண்டாட்டி செல்வியின் ஆடுகளும் போய்விட்டன.

"இது தண்ணி இறைக்காதுடா... படகைத் தள்ளுற மோட்டாரு" என்றேன், கொஞ்சம் இறங்கி வந்து.

அவன் குத்தவைத்து உட்கார்ந்து, அடியில் இருந்த ஃபேனை விரலால் மெல்லச் சுற்றினான்.

"படகு எப்பிடிலே நகருது?"

"ஃபேனு தண்ணியப் பின்னால தள்ளும். படகு முன்னால போகும்."

"சரி... படக நகர விடாமக் கட்டிப் போட்டுட்டா?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவனே தொடர்ந்தான்.

"தண்ணிதானலே நகந்தாகணும்?"

கடலில் கால் நனைக்காதவன். மூன்று வருடம் நான் படித்த பாடத்தை என் கடை வாசலிலேயே எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டான். சிரித்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் கிளம்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த மோட்டாரை ஒழுங்காகப் பார்த்தேன். கயிற்றை இழுத்தால் கையை எதிர்த்தது, கம்ப்ரஷன் இருக்கிறது. பிளக்கில் பொறி இல்லை. பொறி கிளப்பும் பாயிண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததும் நீலமாக ஒரு பொட்டுப் பொறி வந்தது. கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்துக் கொட்டியது. கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஆனாலும் பல் சக்கரம் தப்பித்திருந்தது. இன்ஜின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் மட்டும் அப்பளமாகக் காய்ந்து நொறுங்கியது. தூத்துக்குடிக்குப் போன் போட்டு, புதியதை மறுநாளே பஸ்ஸில் வரவழைத்தோம்.

ஃபேனைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி விட்டு, தகரத்தை உருட்டிக் குழாய் செய்தோம். கண்மாய்க்குள் இரண்டு கட்டை ஊன்றி மோட்டாரை இறுக்கிக் கட்டினோம். தகரக் குழாயின் மறுமுனை மடை மேலே.

கரையில் பாதி ஊர் நின்றது. செல்வி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

முதல் இழுப்பு, ஒன்றுமில்லை. இரண்டு... மூன்று... ஏழாவது இழுப்பில் ஊரே அதிர ஒரு கத்தல்.

"என் ஆட்ட வித்து வாங்குனதுதான, அதான் இந்தக் கத்து கத்துது" என்றாள் செல்வி.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியவில்லை... குழாய் ஒரு தடவை உதறியது. பிறகு மடை மேல் தண்ணீர் குபுகுபுவென்று ஏறி விழுந்தது! தேங்கிக் கிடந்த கண்மாய் சொன்ன பேச்சு கேட்டு மேட்டில் ஏறுகிறது. நான் அதுவரை எத்தனையோ பம்புசெட் ஓட்டியவன். அன்றைக்குத்தான் தண்ணீரை முதல்முறை பார்க்கிறவன் போல வாயைப் பிளந்து நின்றேன்.

செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினாள். ஓடிவரும் தண்ணீரின் முனைக்கு முன்னாலேயே, மண்வெட்டியோடு, மிளகாய்க் காடு வரைக்கும் நடந்தே போனாள். திரும்பி வரும்போது அவள் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பூ கொட்டாமல் நின்றது. அந்த வருஷம் வத்தல் மூட்டையோடு ஆடும் வந்தது, இரண்டுக்கு மூன்றாக.

இப்போது அழகர் காட்டில் போர்வெல் இருக்கிறது. வீட்டில் படுத்துக்கொண்டே போனில் ஒரு நம்பர் போட்டால் மோட்டார் ஓடும். வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் வருவதைப் பார்க்க இப்போதெல்லாம் யாரும் கரைக்கு வருவதில்லை.

நேற்று சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது.

"போனப் போட்டா மோட்டாரு ஓடுதுலே... தண்ணிதான் வரல. போரு காத்தைக் கக்குது. கண்மாய்ல கொஞ்சம் கெடக்கு, மடைக்கு ஒரு சாண் கீழ. பரண்ல இருந்து அந்தப் பழைய மோட்டார எறக்கி வச்சிருக்கேன். ஒரே துரு. தேறுமா?"

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. இன்னும் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"கட்டைய ஊனி வையிலே. காலைல மொத பஸ்ஸுக்கு வாரேன்" என்றேன்.