ஃப்ளோட்டுக்கு வெச்ச பொட்டு

எனக்குக் கோவம் வந்தா கை சும்மா இருக்காது, எதையாவது கழட்டிடும். கல்யாணமான புதுசுல மாமியார் மேல வந்த கோவத்துல மிக்ஸியக் கழட்டினேன். அண்ணன் மேல வந்த கோவத்துல எங்க அப்பா, அதான் நைனாவோட மோட்டார் சைக்கிளக் கழட்டினேன். அந்த மிக்ஸி அதுக்கப்புறம் ஓடவே இல்ல. அதனாலதான் அன்னிக்கு நான் ஸ்பேனர எடுத்ததும் எங்க வீட்டுக்காரர், "அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை நல்ல மாதிரியா பேசிப் பாரேம்மா"ன்னு பின்னாடியே வந்தாரு.

செஞ்சி பஜார்ல எங்களுக்குப் பூஜை சாமான் கடை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்குப் போற கூட்டத்துல பாதிப் பேரு எங்க கடையில எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்காம பஸ் ஏற மாட்டாங்க. நைனா தொண்டூர்ல இருந்து மாசாமாசம் அமாவாசைக்கு முந்தின நாள் அந்த வண்டியில வருவாரு. அவரு முகம் தெரியறதுக்கு முன்னாடி பெட்ரோல் வாசனை வந்துடும். நான் இந்தக் கடைக்கு வந்த நாளா ஒழுவுற வண்டி அது. "கற்பூரத்த உள்ள எடுத்து வைம்மா, உங்க நைனா வர்றாரு!"ன்னு பக்கத்துக் கடைக்காரர் கத்துவாரு.

வந்தா ஒரு டீ குடிப்பாரு. பெரிய பாக்கெட்டா ஒரு குங்குமம் எடுத்து சட்டை ஜோப்புல வெச்சுக்குவாரு. கெளம்பிடுவாரு. எங்க அம்மா போயி ரொம்ப வருஷம் ஆயிடுச்சு. நைனா கோயில் வாசப்படி மிதிச்சு நான் பாத்ததில்ல. "உங்க நைனா இவ்ளோ குங்குமத்த இன்னாதான் பண்றாரு, சோத்துல பெசஞ்சு சாப்பிடறாரா?"ன்னு எங்க வீட்டுக்காரர் கேப்பாரு. "எங்க நைனா, எங்க கடை, உங்களுக்கு இன்னா"ன்னு வாய அடைச்சுடுவேன். ஆனா எனக்கும் தெரியாது.

நைனா போன பிறகு வண்டி எங்க கடைக்குப் பின்னாடி குடோன்ல நின்னுது. ஒரு வருஷம் யாரும் அதக் கேக்கல. அப்புறம் ஒருநாள் அண்ணன் போன் பண்ணான்.

"பாண்டிச்சேரில ஒருத்தர் பழைய வண்டியா வாங்கிச் சேக்கறாராம். நம்ம வண்டியக் கேக்கறாரு. ஞாயித்துக்கெழம தொண்டூருக்கு வர்றாரு."

"யாரக் கேட்டு சொன்ன?"

"ஒழுவுற வண்டிய வெச்சுகினு நீ இன்னா பண்ணப்போற? கற்பூரக் கடையில பெட்ரோல் வண்டி. ஒருநாளு உன்னையும் சேத்து தீபாராதனை காட்டிடும்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. ஒழுவுறத நானே நிறுத்தறேன், நானே ஓட்டிகினு வர்றேன்னு கத்திட்டேன். அவன் சிரிச்சான். சின்ன வயசுல இருந்தே அந்தச் சிரிப்பக் கேட்டா எனக்கு ஆவாது. "சரி. நீயே ஓட்டிகினு வா. வண்டிக்குக் கீழ பேப்பர விரிப்பேன். பத்து நிமிஷம் ஒரு சொட்டு விழலைன்னா வண்டி உனக்கு. விழுந்துச்சுன்னா அவருக்கு. அப்புறம் அழக்கூடாது." "யாரு அழுவறாங்கன்னு பாக்கலாம்"னு போன வெச்சேன். வெச்சதும் அழுகை வந்துது. நைனாவோடதுன்னு எங்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்.

எங்க தெருக்கோடி மெக்கானிக் வண்டியப் பாத்ததுமே ரெண்டு அடி பின்னாடி போனாரு. "அக்கா, இத நான் தொட்டா ஒரு வாரத்துக்கு வேற வண்டி தொட முடியாது. வியாதி இன்னான்னு மட்டும் சொல்றேன், வைத்தியம் நீங்க பாத்துக்கோங்க"ன்னாரு. இன்ஜினுக்குப் பெட்ரோல் விடற கார்புரேட்டருக்கு அடியில இருக்கிற பித்தளைக் கிண்ணத்தக் கழட்டி, உள்ள இருந்து பித்தளை உருண்டை ஒண்ண எடுத்தாரு. அதுதான் ஃப்ளோட்டு. நம்ம வீட்டு மொட்டமாடி தண்ணி டேங்குல மெதக்குற உருண்டை பண்ற வேலையத்தான் இதுவும் பண்ணுது. பெட்ரோல் நெறைஞ்சா மேல வந்து, ஒரு ஊசியத் தள்ளி, வர்ற வழிய அடைக்கும். மெக்கானிக் அதக் காது கிட்ட ஆட்டினாரு. களுக் களுக்குன்னுது. டீக்கடையில ஒரு டம்ளர் சுடுதண்ணி வாங்கி அதுல அமுக்கினாரு. பொடிப்பொடியா காத்து முட்டை விட்டுது. "ஓட்டை. பெட்ரோல குடிச்சுட்டு முழுவிப் போயிருக்குது. முழுவினவன் எங்க கதவ சாத்துவான்?"

கிண்ணத்தோட அடியில செவப்பா ஒரு ஆடை படிஞ்சு கெடந்துது. "துரு"ன்னாரு மெக்கானிக். நானும் பழைய பல்தேய்க்கிற பிரஷ்ஷால சொரண்டிச் சொரண்டி வழிச்சுக் கொட்டினேன். பித்தளையில செவப்புத் துரு எங்கடி வரும்னு எனக்கும் தோணல, அவருக்கும் தோணல.

புது ஃப்ளோட்டும் ஊசியும் சென்னையில இருந்து கூரியர்ல வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்துது. பளபளன்னு மூக்குத்திக் கல்லு மாதிரி இருந்துது. போன்ல வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்து நானே மாட்டினேன். ஊசி, ஊசி மேல ஃப்ளோட்டு, குறுக்க ஒரு கம்பி. எங்க வீட்டுக்காரர் டார்ச் புடிச்சாரு. நான் திட்டினப்ப எல்லாம் டார்ச் ஆடிச்சு.

இங்கதான் நான் ஒரு காரியம் பண்ணேன். கிண்ணத்த மூடறதுக்கு முன்னாடி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டுக்கு வந்த புது சாமானாச்சேன்னு, கொழைச்ச சந்தனத்துல ஒரு பொட்டும் அதுமேல நல்லா அழுத்தி ஒரு குங்குமமும் வெச்சேன். ஃப்ளோட்டுக்கு ஒண்ணு. ஊசி கோவிச்சுக்கும்னு அதுக்கும் ஒண்ணு. எங்க கடையில கல்லா, தராசு, கால்குலேட்டர், கரண்ட் மீட்டர், எதுவும் பொட்டில்லாம இருக்காது. புதுசா வாங்கின ஃபிரிட்ஜுக்கு வைப்போம், அதத் தொறந்து உள்ள இருக்கிற முட்டைத் தட்டுக்கும் வைப்போம். எங்க கைக்கு அது தனியா யோசிக்கிற விஷயம் இல்ல.

ஞாயித்துக்கெழம காலையில ஆறாவது உதையில வண்டி கெளம்பிச்சு. பஜாரே வேடிக்கை பாத்துது. "மெதுவா போ"ன்னாரு வீட்டுக்காரர். "வண்டிக்குச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுக் கெளம்பினேன். சிங்கவரம் ரோடு பிரியற எடம் வரைக்கும் ராணி மாதிரி போனேன். அப்புறம் வாசனை வந்துது. குனிஞ்சா, செருப்பு நனைஞ்சிருக்குது.

ஒரு வேப்பமரத்தடியில நிறுத்தி, கோவத்துல மூணு நிமிஷத்துல கிண்ணத்தக் கழட்டிட்டேன். உள்ள பாத்தா பெட்ரோல் ரோஸ்மில்க் மாதிரி இருக்குது. சந்தனம் ஊறி, பேந்து, துண்டு துண்டா மெதக்குது. அதுல ஒரு துண்டு ஊசிக்கும் பெட்ரோல் வர்ற ஓட்டைக்கும் நடுவுல போயி குந்திகினு கதவ மூட விடமாட்டேங்குது. அடிப்பாவி! யாரத் திட்டறது? கடலைக் காட்டுல களை எடுத்துகினு இருந்த ஒரு அம்மா, "இன்னாம்மா, வண்டிக்கு அடிபட்டுச்சா? ரத்தம் வருது?"ன்னு ஓடியாந்தாங்க. "வண்டிக்கு இல்லம்மா, என் புத்திக்கு"ன்னேன். துப்பட்டாவால தொடைச்சு, வாயால ஊதி, திரும்ப மாட்டிகினு போனேன். பெட்ரோல் ருசி நாக்குல ரெண்டு நாளு இருந்துது.

தொண்டூர் வீட்டு வாசல்ல அண்ணன் நின்னுகினு இருந்தான். பக்கத்துல பாண்டிச்சேரிக்காரர். அவரு பின்னாடி கயிறு, பலகை எல்லாம் ஏத்தின மினி லாரி. என்னப் பாத்ததும் அண்ணன் வாய் பொளந்துது. அது ஒரு சந்தோஷம். நைனா எப்பவும் வண்டி நிறுத்தற எடத்துலயே நிறுத்தினேன். அண்ணன் பேப்பர விரிச்சான். மூணு பேரும் குந்திகினு கார்புரேட்டரப் பாத்தோம்.

ஆறு நிமிஷம் ஒண்ணும் இல்ல. ஏழு. அண்ணன் போன்ல மணி பாக்கறான். எட்டாவது நிமிஷம் கிண்ணத்தோட விளிம்புல ஏதோ மினுங்கிச்சு. நான் அங்காளம்மனக் கூப்பிட்டேன். அம்மன் அன்னிக்கு பிஸி. ஒரே ஒரு சொட்டு பேப்பர்ல விழுந்துது.

செவப்பா.

போச்சு, நைனா வண்டி போச்சுன்னு நெனச்சுகினேன். பாண்டிச்சேரிக்காரர் எழுந்து, "ஒழுவுதே சார், கொஞ்சம் கொறைச்சுக்கலாமா"ன்னு ஆரம்பிச்சாரு. அண்ணன் அவரப் பாக்கவே இல்ல. பேப்பரையே பாத்துகினு இருந்தான்.

"இது இன்னாடி?"

"குங்குமம்"னேன். "ஃப்ளோட்டுக்குப் பொட்டு வெச்சேன். புது சாமானாச்சே."

அண்ணன் பேப்பரப் புடிச்சு ஓரமா இழுத்தான். அடியில இருந்த சிமெண்டுத் தரை ஒரு தாம்பாளம் அகலத்துக்குச் செவந்து கெடந்துது. துருன்னு நாங்க எல்லாரும் நெனச்சுகினு இருந்த கறை.

"அமாவாசைக்கு அமாவாசை கழட்டிப் போட்டுத் துடைப்பாரு"ன்னான் அண்ணன். "துடைச்சுட்டு ஒவ்வொண்ணுக்கா பொட்டு வைப்பாரு. ஊசிக்குக் கூட. ஒரு பாக்கெட் ஆவும். நான் எத்தினியோ வாட்டி கேட்டுருக்கேன், இன்னாத்துக்கு நைனா இதுன்னு. என் பொண்ணு கடைக் குங்குமம், வீணாக்கலாமான்னுவாரு."

எனக்கு அப்பதான் எல்லாம் ஒண்ணா வந்து மண்டையில இடிச்சுது. நான் சொரண்டிக் கொட்டின துரு. பெரிய பாக்கெட்டு. நாந்தான் குடுத்து அனுப்பியிருக்கேன், மாசாமாசம், என் கையால. அத்தினி வருஷமா அந்த வண்டிய ஒழுவ விட்டவ நான். அழுவறனா சிரிக்கறனான்னு எனக்கே தெரியல.

பாண்டிச்சேரிக்காரர் இன்னும் வெலையக் கொறைச்சுகினே இருந்தாரு. "சார்"னான் அண்ணன், "லாரியத் திருப்பிக்கோங்க. இது ஒழுவுறது இல்ல. எங்க நைனா வண்டி இப்பிடித்தான் நிக்கும்."

அவரு போன பிறகு அண்ணன் அந்தச் சொட்ட ஒரு வெரலால தொட்டான். ஒரு நிமிஷம் யோசிச்சான். எடுத்து நெத்தியில வெச்சுகினான். கண்ணு ரெண்டும் கலங்கி இருந்துது.

"எரியுதுடி"ன்னான்.

"பெட்ரோலுண்ணா. எரியாம இன்னா பண்ணும்?"னு சொல்லிகினே நானும் தொட்டு வெச்சுகினேன். எரிஞ்சுது.